நாக்குக்கு அடியில்

அத்தியாயம் 11

சின்னுசாமி அன்று காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். எடப்புளி நாடு என்கிற மலைப்பகுதியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் வெள்ளை வேட்டி கட்டினால் ஒன்று கோயிலுக்குப் போக வேண்டும், இல்லை பெண் பார்க்கப் போக வேண்டும். இவர் கட்டியது மாத்திரை நாளுக்காக. அதுவும் அவர் சாப்பிட வேண்டிய மாத்திரைகூட இல்லை, ஊரார் சாப்பிட வேண்டியது.

போன வருஷம் இருமி இருமி ரத்தம் துப்பிய மனிதர் இவர்தான். இனி தேறமாட்டார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. காசநோய் மருந்தை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டு எழுந்து, இப்போது சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறார். எல்லாம் மருமகள் சுஜிதா கொடுத்த உயிர் என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சுஜிதா மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கீழ்நாட்டுப் பெண். வேலைக்காக மலையேறி வந்தவள், வாசலூர்பட்டி படகுத்துறையில் வேலை பார்க்கும் சின்னுசாமியின் மகன் செல்வத்தைக் கண்டு, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். அவளைப் பெற்றவர்கள் கோபித்துக்கொண்டு இன்னும் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குறை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவர் இந்த மாமனார்தான்.

அவர் தேறிய பிறகு ஊராருக்கெல்லாம் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பலருக்கு ஊசி போட்ட இடம் தடித்துக்கொண்டது. கிருமி உள்ளே தூங்குகிறது, நோயாக இன்னும் எழவில்லை, எழுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று சுஜிதா வீடு வீடாகப் போய் விளக்கினாள். வாரம் ஒருமுறை மாத்திரை, மூன்று மாதம். அவளுடைய கையும் தடித்திருந்தது.

நோயே இல்லாத உடம்புக்கு எதற்கு மருந்து என்று ஊர் கேட்டது. கேட்டவர்களில் சத்தமாகக் கேட்டவள் ராமாயி. மரவள்ளிக் காட்டில் ஆள் வைக்காமல் தானே கிழங்கு பிடுங்குகிற பெண்பிள்ளை. அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அந்த ஊரில் வேரோ தழையோ மருந்தென்று கொடுப்பவர், முதலில் தான் ஒரு துண்டைக் கடித்து முழுங்கிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். அது பெரியவர்கள் காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். நர்ஸாக இருந்தாலும் அதே வழக்கம்தான் என்றாள் ராமாயி.

சுஜிதா ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் பலாமரத்தடியில் ஊர் கூடும். தன் பங்கில் ஒரு மாத்திரையை எல்லார் முன்னாலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். மிச்சத்தைச் சோற்றுக்குப் பிறகு போட்டுக்கொள்வதாகச் சொல்வாள். அதன் பிறகு ஊரார் ஒவ்வொருவராக முழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி அவளிடம் காட்டிவிட்டுப் போவார்கள். இன்று கடைசி வாரம். வெள்ளை வேட்டி அதற்குத்தான்.

வீட்டுக்குள்ளே இன்னொரு மாத்திரை நேரம் நடந்துகொண்டிருந்தது. மகள் பாவைக்கு நான்கு வயது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குழந்தை என்பதால் அவளுக்கும் தடுப்பு மருந்து, தினம் ஒன்று. சுஜிதா அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்று கிண்ணத்தில் தேனைக் குழைத்துக் கொண்டுவந்தாள். பாவை அதை நக்கித் தீர்த்துவிட்டு, நேராக அப்பாவிடம் போய் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஊர்க்கூட்டத்தைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்ட வித்தை அது.

செல்வம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போலீஸ்காரன் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை, எல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னான். தினமும் நடக்கும் இந்த விசாரணைக்குத் தினமும் அதே சிரிப்பு சிரிப்பாள் பாவை.

சுஜிதாவும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இந்த இருமல் எப்போது நிற்கும் என்று செல்வம் கேட்டான். மலைப் பனி, தூசி, மாஸ்க்குக்குள்ளேயே நாள் பூராவும் மூச்சு விடுவது என்று அவள் மூன்று காரணம் வைத்திருந்தாள். இதே இருமலோடு யாராவது அவளிடம் வந்திருந்தால் அன்றைக்கே சளி டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பாள். தன் இருமலுக்கு மட்டும் அவள் நர்ஸாக இருக்கவில்லை. செல்வம் மகளைப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, மதியம் மாத்திரை முழுங்க வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

இனி நான் மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை. சுஜிதா ஒரு வாரம்கூட அந்த மாத்திரையை முழுங்கியதில்லை.

ஊர் முன்னால் வாயில் போடுவாள். தண்ணீர் குடிப்பாள். தொண்டை ஏறி இறங்கும். மாத்திரை நாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கும். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று ஜீப்புக்குப் பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவாள். ஊரார் நாக்கை அவள் பார்ப்பாள், அவள் நாக்கை யார் பார்ப்பது? முதல் வாரம் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று ஊர் மிரண்டு ஓடி வந்தபோது, மருந்தின் நிறம்தான், எனக்கும் அப்படித்தான் போகிறது என்று கூசாமல் சொன்னாள். அவளுக்கு எப்போதும்போலத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் மட்டும் என்றால் ஒரு மாதிரி. சுகாதார நிலையத்தில் கை தடித்த ஊழியர்கள் எல்லாருக்கும் மாத்திரை வந்தது. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் சாப்பிடவில்லை. வார்டில் வேலை பார்த்த நர்ஸ் யாருக்குள்தான் இந்தக் கிருமி இல்லை என்பார் மூத்த நர்ஸ் ராதிகா. எனக்குள் இத்தனை வருஷமாகத் தூங்குகிறது, அது பாட்டுக்குத் தூங்கட்டும் என்பார். இன்றைக்குத் தீர்த்தாலும் நாளைக்கு இன்னொருத்தர் முகத்துக்கு நேரே இருமத்தான் போகிறார், மாத்திரையால் ஈரல் கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்பார். இளவயசு டாக்டர் கவியரசன் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பத்து நிமிஷம் கழித்து, சுஜிதாவையும் சேர்த்து இதே மூன்று பேரும் வெளியே வந்து, நோயாளிகளின் வீட்டாரிடம் தடுப்பு மாத்திரையின் பெருமையைப் பேசுவார்கள். எனக்கு இதை எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

சுஜிதாவுக்கு இன்னொரு பயமும் உண்டு. பயிற்சிக் காலத்தில், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் கண் மஞ்சளாகிப்போன ஒரு சின்னப் பெண்ணை அவள் கவனித்துக்கொண்டாள். அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஆயிரத்தில் ஒருவருக்கு ஏதோ வரும், பார்த்து நிறுத்தினால் சரியாகிவிடும் என்று பாடத்தில் படித்ததும் நினைவிருக்கிறது. ஆனால் கண்ணை மூடினால் வருவது பாடம் இல்லை, அந்த மஞ்சள் கண்தான்.

ஜீப் வந்தது. டாக்டரும் ராதிகாவும் இறங்கினார்கள். கடைசி வாரம் என்பதால் கையில் தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே பெட்டியும் கூட வந்திருந்தது. மாத்திரை முடிக்கிற கையோடு எல்லார் நெஞ்சையும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். படம் லேப்டாப்பில் விழும். சந்தேகப்படுகிற இடம் இருந்தால் அதுவே சிவப்பாக்கிக் காட்டும்.

ஊருக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கொஞ்சம் கலக்கம். ராமாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"குடுக்கறவங்கதான் மொதல்ல. நர்ஸம்மா நிக்கட்டும், அப்பறம் நாங்க வாரோம்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே, வாங்க சிஸ்டர், வழக்கத்தை மீற வேண்டாம் என்றார். சுஜிதா நர்ஸ் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். அதற்கே இருமல் முட்டிக்கொண்டு வந்தது.

படம் விழுந்தது. டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வலது பக்கம், மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு கையகலத்துக்குச் சிவப்பு. படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும் என்று சொல்ல முடியாத சிவப்பு. லேப்டாப்பை மூடக் கை போவதற்குள், பின்னால் நின்றுகொண்டிருந்த ராமாயி அதைப் பார்த்துவிட்டாள்.

டாக்டர் சுஜிதாவை ஜீப்புக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். இத்தனை வாரமாக அவள் துப்பிய அதே இடம்.

"சிஸ்டர், தடுப்பு மாத்திரை முழுசாப் போட்டீங்கல்ல?"

அவள் ஜீப் சக்கரத்துப் பக்கம் தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. போட்டும் வந்திருந்தா இது மருந்துக்கு மசியாத கிருமியா இருக்கலாம். அப்ப உங்க வீட்ல எல்லாருக்கும் வேற மாதிரி யோசிக்கணும்."

"போடலீங்க சார்."

"எத்தனை வாரம் விட்டுப்போச்சு?"

"ஒரு வாரங்கூடப் போடலீங்க."

கவியரசன் ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய மாத்திரை டப்பா காரில் கிடக்கிறது, மூடியைக்கூடத் திருகவில்லை என்று மெதுவாகச் சொன்னார். யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு டாக்டராக நிமிர்ந்தார். சளிப் பரிசோதனை செய்யாமல் எதுவும் முடிவில்லை என்றார். அவளுடைய உடம்பு அவளுடைய விஷயம், ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை, படம் சரியாக விழவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார். முதலில் சொன்னதெல்லாம் சரிதான். கடைசியில் சொன்னது பொய். இன்னொரு பொய்யைச் சேர்த்துவைக்க அவளுக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

சுஜிதா இத்தனை பேருக்கு நோய் என்று சொல்லியிருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க, சரியாகிவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது காது அடைத்துப்போய், பலாமரத்தடியில் கேட்ட சத்தம்கூட எங்கோ தொலைவில் கேட்டது.

அங்கே ராமாயி தன் கையிலிருந்த மாத்திரைகளைக் கல்மேல் வைத்துவிட்டிருந்தாள்.

"நமக்கு முன்னாடி முழுங்கிக் காட்டின புள்ளைக்கே வந்திருச்சு. கருமாந்திரம், இத்தன நாளா எதுக்கு இதத் தின்னோம்?"

அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கல்மேல் மாத்திரைகள் குவிந்தன. இது கடைசி வாரத்தோடு போகிற விஷயமில்லை என்று சுஜிதாவுக்குத் தெரியும். நாளைக்குப் பக்கத்து ஊர் கேட்கும், அடுத்த வாரம் அரியூர் நாடு வரைக்கும் போகும். மாத்திரை ஏமாற்று என்று பேர் வாங்கிவிட்டால், நாளை உண்மையாகவே இருமுகிறவன்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டான்.

சின்னுசாமி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார். கெஞ்சினார். படம் எடுக்கிற பெட்டியில் கோளாறு இருக்கும் என்றார். தன்னைப் பாருங்கள், மருந்து காப்பாற்றவில்லையா என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். கூட்டத்தில் யாரோ ஒருவர், உன் மருமகள் நெசமாகவே முழுங்கினாளா என்று கேட்டுவிட்டார்.

கிழவருக்கு முகம் சிவந்துவிட்டது. எந்தப் பேச்சையும் தாங்குவார், இதைத் தாங்கவில்லை.

"என் மருமக முழுங்கினத நாங் கண்ணால பாத்தேன். அறப்பளீஸ்வரர் மேல..."

கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அந்த ஊரில் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்தவர் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் தூக்கினார். மருமகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"மாமா, சத்தியம் பண்ணாதீங்க."

சுஜிதா ஓடி வந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று மாஸ்க்கைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"நான் முழுங்கலீங்க. ஒரு வாரங்கூட முழுங்கல. நாக்குக்கு அடியில வெச்சிருந்து துப்பிட்டேன். எனக்கும் செவப்பாப் போகுதுன்னு உங்ககிட்டச் சொன்னதும் பொய்யிங்க."

சின்னுசாமியின் தூக்கிய கை பாதியில் நின்றது. அதைக் கீழே இறக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது போலிருந்தது. செத்துப் பிழைத்த அந்த வருஷத்தில்கூட அவர் முகம் இப்படி வெளுத்துப்போய் யாரும் பார்த்ததில்லை.

"ஊர்ச் சனம் நாக்கையெல்லாம் தூக்கிப் பாத்தியே, சாமி" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வழக்கம்போலச் சாமி என்றுதான் கூப்பிட்டார். சுஜிதாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ராமாயி நேராக ராதிகா முன்னால் போய் நின்றாள்.

"நீங்க முழுங்கினீங்களா?"

ராதிகா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் லேப்டாப் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். ராமாயிக்கு அது போதுமாக இருந்தது. ஒருத்தி ஏமாற்றினாள் என்று நினைத்தால் மூன்று பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாக இருக்கிறார்களே என்று அவளுக்குத் திக்கென்று ஆகியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது முகத்தில் தெரிந்தது.

பிறகு கல்லுக்குத் திரும்பிப் போய் மாத்திரைகளை எடுத்தாள்.

"முழுங்காதவளுக்குத்தான் வந்திருக்குது. இனிமே எங்களுக்கு முன்னாடி யாரும் முழுங்கிக் காட்ட வேண்டாம். வழக்கமாவது ஒண்ணாவது."

சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக முழுங்கினாள். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, ராதிகாவிடம் காட்டினாள். ராதிகா பார்க்காமல் தலையாட்டினார். நல்லாப் பாருங்க என்று ராமாயி மறுபடியும் திறந்தாள். அந்த முதிர்ந்த நர்ஸின் கண்ணில் தண்ணீர் நின்றது.

கூட்டம் மெல்லக் கல்லை நோக்கி நகர்ந்தது. சிலர் எடுத்தார்கள், சிலர் யோசித்தார்கள், இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்லச் சுஜிதாவுக்கு வாயில்லை.

அப்போதுதான் அவள் செல்வத்தைப் பார்த்தாள்.

மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பலாமரத்தின் மறுபக்கம் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முழுவதையும் கேட்டிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. அவள் அவனிடம் போகக் காலெடுத்தாள். தன் நெஞ்சில் கிடந்த சிவப்பு நினைவு வந்தது. நின்றுவிட்டாள்.

அவன்தான் பேசினான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"எனக்குக் குடுத்த மாத்திரை?"

"அது நெசந்தானுங்க. நீங்க முழுங்கினத நாந்தானே பாத்தேன்."

அவன் மூச்சு விட்டான். அந்த மூச்சு பாதியில் நின்றது. காலையில் நடந்த விசாரணை, நேற்றுக் காலை, அதற்கு முந்தின காலை, எல்லாம் அவன் கண்முன் வந்திருக்க வேண்டும். அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்ற அவள் முதுகும் வந்திருக்க வேண்டும்.

"பாப்பாவுக்குத் தேன்ல குழைச்சுக் குடுத்தது?"

சுஜிதாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. மஞ்சள் கண்ணோடு படுத்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லலாம். தினமும் அந்த மாத்திரையைக் கையில் எடுத்தாள், எடுத்ததைக் கிண்ணத்தில் போட மனம் வராமல் தினமும் திரும்ப வைத்தாள் என்று சொல்லலாம். பெற்றவளின் பயம் என்று சொல்லலாம். டாக்டர் லேப்டாப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். சின்னுசாமி தலையைத் திருப்பிப் பேத்தியைப் பார்த்தார். தன் பக்கத்தில் படுத்துத் தன் இருமலைக் கேட்டுக்கொண்டே தூங்கிய குழந்தை அது. தாத்தா தேறியதும் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்ட குழந்தை.

"வெறுந் தேனுங்க" என்றாள் சுஜிதா.

செல்வம் மகளைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். பிடித்த வேகத்தில் குழந்தை ஒரு முறை இருமியது. சாதாரண இருமலாகவும் இருக்கலாம். அங்கே நின்ற எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

பாவைக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பது மட்டும் தெரிந்தது. சுற்றிலும் ஊரார் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். தன் முறை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அப்பாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள்.

அங்கே ஒன்றும் இல்லை. இத்தனை மாதமாக ஒருநாளும் இருந்ததில்லை.